40 சதவீத நிலா போதுமா? என்விஜி பறப்புக்கு ஒளியை மதிப்பிடும் நான்கு வழிகள்

“இன்னைக்கு நிலா 40 சதவீதம் இருக்கு, போதாதா?” இரவுப்பார்வைக் கண்ணாடியோடு, அதாவது என்விஜியோடு, பறக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. எந்த 40 என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வளர்பிறை சப்தமியின் 40 என்றால், மாலை ஏழு மணிக்கு நிலா உச்சியைத் தாண்டி மேற்கே நல்ல உயரத்தில் நிற்கும். தேய்பிறை நவமியின் 40 என்றால் அந்த நிலா நள்ளிரவு தாண்டித்தான் எழும். எட்டு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அந்த 40 வெறும் பூஜ்யம்.

இந்தக் கண்ணாடி, விமானிகள் பேச்சில் காகிள், ஒளியை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பெருக்கித்தான் காட்டுகிறது. நிலவு, நட்சத்திரம், மேல் வளிமண்டலம் தானாக உமிழும் மங்கல் ஒளி, அந்தி மிச்சம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால்தான் பெருக்க முடியும். அது எவ்வளவு இருக்கும் என்று கிளம்பும் முன் கண்டுபிடிக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: நிலா அட்டவணை, தரையில் விழும் ஒளியை மில்லிலக்ஸில் (லக்ஸ் என்ற ஒளி அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிடும் கணினி நிரல், கையில் பிடிக்கும் லக்ஸ் மீட்டர், காகிள் வழியாக நேரில் பார்ப்பது. எதை நம்புவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். குழம்பினால் தவறில்லை. நான்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத் தோன்றினாலும் உண்மையில் நான்கு வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எவ்வளவு முன்னதாகத் தெரியும்? அடுத்த மாதப் பயிற்சி அட்டவணை போடுகிறவருக்கும், அரைமணியில் நோயாளியை ஏற்றிவரப் போகிறவருக்கும் ஒரே கருவி உதவாது.

இரண்டாவது, மேகம், தூசு, ஈரப்பதம் கணக்கில் வருகிறதா? மூன்றாவது, தரை கணக்கில் வருகிறதா? மலை நிழல், காடு, பனி, கடல் எல்லாம் இதில் அடக்கம். நான்காவது, அளவு காகிளின் கண்ணுக்கு ஏற்றதா? மூன்றாம் தலைமுறைக் காகிள் ஏறத்தாழ 600 முதல் 900 நானோமீட்டர் வரை, அதாவது சிவப்பிலும் அதற்கு அப்பாலுள்ள அண்மை அகச்சிவப்பிலும் பார்க்கிறது. நம் கண் பகலில் கூர்மையாக இருப்பது 555 நானோமீட்டர் பச்சையில்.

ஐந்தாவதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: இந்த வழி தவறும்போது எந்தப் பக்கம் தவறுகிறது? இல்லாத ஒளியை இருப்பதாகச் சொல்லும் கருவி ஆளைக் கொல்லும். இருக்கும் ஒளியை இல்லை என்று சொல்லும் கருவியால் ஒரு பயணம் ரத்தாகும், அவ்வளவுதான்.

## வழி 1: நிலா அட்டவணை

நம் வீட்டுப் பஞ்சாங்கமே ஒரு ஒளி அட்டவணைதான். ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 பாகை. வளர்பிறை பஞ்சமி முடியும்போது இடைவெளி 60 பாகை. அப்போது நிலாவட்டத்தில் ஒளிரும் பரப்பு கால் பங்கு. அஷ்டமியின் நடுவில் 90 பாகை, பாதி நிலா. தசமி முடியும்போது 120 பாகை, முக்கால்.

அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு: ஒளிரும் பரப்பு குறைந்தது 23 சதவீதம், நிலா அடிவானத்திலிருந்து குறைந்தது 30 பாகை உயரம். இரண்டும் சேர்ந்து அமையாவிட்டால், ஹெலிகாப்டரில் அகச்சிவப்புத் தேடுவிளக்கு வேண்டும். 23 சதவீதம் என்றால் நம் கணக்கில் வளர்பிறை பஞ்சமிக்குள் வந்துவிடுகிறது.

இந்த வழியில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி சதவீதமே. பாதி நிலா என்றால் பாதி வெளிச்சம் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடும். உண்மையில் பாதி நிலா தருவது பௌர்ணமி நிலவின் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான், சில கணக்குகளில் அதற்கும் கீழே. பௌர்ணமியன்று சூரியன் நமக்கு நேர் பின்னால் இருப்பதால், நிலாவின் பள்ளங்களும் மேடுகளும் போடும் நிழல் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. முகம் முழுக்கப் பளீரென்று தெரிகிறது. அரை நிலாவிலோ பள்ளம் தோறும் நிழல். கால் நிலாவுக்கு வந்தால் பௌர்ணமியின் நாற்பதில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

இரண்டாவது உயரம். 30 பாகையில் நிற்கும் நிலா, சாய்வின் காரணமாக மட்டும், உச்சியில் இருக்கும்போது தருவதில் பாதியைத்தான் தரையில் விழச் செய்கிறது. 10 பாகையில் ஆறில் ஒரு பங்கு. அத்தோடு ஒளி நீண்ட தூரம் காற்றைக் கிழித்து வர வேண்டியிருப்பதால் இன்னும் குறையும். வெப்ப மண்டலத்தில் நிலா எழுந்து 30 பாகையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அட்டவணையில் “நிலா உதயம் 10.10” என்று பார்த்துவிட்டு 10.30-க்குக் கிளம்பினால், உதயம் நடந்திருக்கும், வெளிச்சம் வந்திருக்காது.

மூன்றாவது பொறி திசை. தாழ்ந்த நிலாவை நோக்கிப் பறந்தால் காகிளின் தானியங்கிக் கட்டுப்பாடு நிலாவின் பிரகாசத்துக்கு ஏற்பத் தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும்; முன்னால் உள்ள தரை கருத்துப் போகும். அதே நிலா முதுகுக்குப் பின்னால் இருந்தால் தரை அழகாகப் பிரிந்து தெரியும். போகும்போது நன்றாக இருந்த பாதை திரும்பும்போது மோசமாக இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அட்டவணையில் நிலாவின் திசைப்பாகையும் இருக்கும், ஆனால் அந்த நெடுவரிசையைப் பார்க்கிறவர்கள் குறைவு.

சூடான் நாட்டின் வாடி சைத்னாவை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரல் 27-க்கும் 28-க்கும் இடைப்பட்ட இரவில், கார்த்தூமுக்கு வடக்கே ஓடுபாதை விளக்கே இல்லாத அந்தத் தளத்தில் இந்திய விமானப்படையின் சி-130ஜே என்விஜியோடு இறங்கி 121 பேரை மீட்டு வந்தது. இறங்கும் முன் ஓடுபாதையில் தடை ஏதும் இல்லை என்பதை அகச்சிவப்பு உணரிகளால் பார்த்துக்கொண்டார்கள். அன்று வளர்பிறை அரை நிலா. அந்த இடத்தில் இரவு ஒன்பது மணிக்கு அது 45 பாகையை ஒட்டிய உயரத்தில் இருக்கும். இரண்டு மணிக்கு வானிலேயே இருக்காது. ஒரே தேதி, ஒரே சதவீதம், ஐந்து மணி நேர இடைவெளியில் இரண்டு வேறு உலகங்கள்.

செலவு என்று பார்த்தால் அட்டவணைக்குக் காசே இல்லை, வருடங்கள் முன்னதாகக் கூடக் கிடைக்கும். மறைந்திருக்கும் விலை என்னவென்றால், அது எப்போதும் மேகமில்லாத, தூசில்லாத, மலையில்லாத வானத்தைப் பற்றியே பேசுகிறது. 1980 ஏப்ரல் 24 இரவு, ஈரானில் இருந்த அமெரிக்கப் பணயக்கைதிகளை மீட்க நிமிட்ஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. அன்று தசமியை ஒட்டிய நிலா, முக்கால்வாசிக்கு நெருங்கிய வெளிச்சம். அட்டவணைப்படி குறையே இல்லை. நடுவில் மாவுபோன்ற தூசு மண்டலம் குறுக்கிட்டது, காகிள் அணிந்திருந்த விமானிகளுக்கு அடிவானமே தொலைந்தது. ஒரு ஹெலிகாப்டர் திரும்பிப் போனது, இயந்திரக் கோளாறுகளால் இன்னும் இரண்டு கைவிட்டுப் போயின, பணியே ரத்தானது. நிலா தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. வெளிச்சம் தரைக்கு வரவில்லை.

தவறும் பக்கம்: எப்போதும் நம்பிக்கையான பக்கம். அதாவது ஆபத்தான பக்கம்.

## வழி 2: மில்லிலக்ஸ் கணக்கிடும் நிரல்

அமெரிக்கக் கடற்படையினர் பயன்படுத்திவந்த ஸ்லாப் என்ற சூரிய–நிலா அட்டவணை நிரல் இந்த வகையில் பெயர் பெற்றது. இடத்தையும் தேதியையும் கொடுத்தால், பிறை, உயரம், காற்றின் தடுப்பு எல்லாம் சேர்த்துத் தரையில் விழும் ஒளியை மணி வாரியாகத் தரும். சதவீதமும் உயரமும் ஒரே எண்ணில் கலந்து வருவதுதான் இதன் பெரிய லாபம்.

அந்தக் கடற்படையும் மரைன் படையும் வைத்திருக்கும் கோடு 2.2 மில்லிலக்ஸ். அதற்கு மேல் அதிக ஒளி இரவு, கீழே குறைந்த ஒளி இரவு. இரண்டுக்கும் பயிற்சித் தகுதி தனித்தனி. ஏறத்தாழ 20 சதவீத நிலா 30 பாகை உயரத்தில் நிற்கும்போது தரும் வெளிச்சம் அது. ஒப்பிட்டுப் பார்க்க: பௌர்ணமி நிலா உச்சியில் இருந்தால் சுமார் 250 மில்லிலக்ஸ். நிலா இல்லாத தெளிந்த நட்சத்திர இரவு 1 மில்லிலக்ஸை ஒட்டி. நிலாவும் இல்லை, வானத்தைக் கனத்த மேகமும் மூடியிருக்கிறது, ஊர் வெளிச்சமும் இல்லை என்றால் 0.1 மில்லிலக்ஸ் அளவுக்கு இறங்கும்.

ஆனால் லக்ஸ் என்ற அலகு மனிதக் கண்ணுக்காகச் செய்தது. இரவு வானத்தின் இயற்கை மங்கல் ஒளியில் பெரும்பகுதி அண்மை அகச்சிவப்பில் இருக்கிறது. அது லக்ஸ் கணக்கில் ஏறாது, காகிளுக்கோ அதுதான் விருந்து. எனவே தெளிந்த நட்சத்திர இரவை இந்த எண் காகிளின் கண்ணோட்டத்தில் குறைத்தே மதிப்பிடுகிறது. இது பாதுகாப்பான பக்கத்துத் தவறு என்பதால் எனக்குப் பெரிய புகார் இல்லை.

புகார் மேகத்தைப் பற்றியது. சில நிரல்களில் மேக அளவை நாமே கொடுக்கலாம். ஆனால் மெல்லிய உயர்மேகம் வெளிச்சத்தைக் கொஞ்சமே குறைக்கும், தடித்த தாழ்மேகம் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். வானிலைக் குறிப்பில் இரண்டும் ஒரே அளவு மூட்டமாக எழுதப்பட்டிருக்கலாம். நகரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு விந்தை: தாழ்ந்த மேகம் ஊரின் விளக்கொளியைத் திருப்பியடித்து, மேகமில்லாத அமாவாசையைவிட வெளிச்சமாக்கிவிடும். நிரலுக்கு ஊர் தெரியாது.

மறைந்த விலை: 2.31 என்று இரண்டு தசமத்தோடு வரும் எண் தரும் மயக்கம். உள்ளே போட்ட மேக அளவு ஊகமாக இருக்கும்போது, வெளியே வரும் எண் அதைவிடத் துல்லியமாக இருக்க வழியே இல்லை. 2.2-க்குச் சற்று மேலே நிற்கும் எந்த இரவையும் குறைந்த ஒளி இரவாகவே நடத்துங்கள்.

## வழி 3: லக்ஸ் மீட்டர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கடையில் கிடைக்கும் சாதாரண லக்ஸ் மீட்டரின் கடைசி இலக்கம் 0.1 லக்ஸ், கொஞ்சம் நல்லதில் 0.01. பௌர்ணமியன்று மொட்டைமாடியில் வைத்தால் 0.1 அல்லது 0.2 என்று ஆடும். அஷ்டமியன்று வைத்தால் 0.0. நமக்கு வேண்டிய 2.2 மில்லிலக்ஸ் என்பது 0.0022 லக்ஸ். பூஜ்யத்துக்குள் புதைந்திருக்கும் வேறுபாட்டைத்தான் தேடுகிறோம். அவ்வளவு கீழே அளக்கும் கருவிகள் உண்டு, ஆனால் விலை அதிகம், காலாகாலத்தில் அளவுத் திருத்தமும் வேண்டும். அப்போதும் அவற்றின் வடிப்பான் மனிதக் கண்ணுக்கானதுதான். அதோடு நீங்கள் நிற்கும் இடத்தை மட்டுமே அளக்கும். அது பெரும்பாலும் ஹெலிபேட் விளக்குக்குப் பக்கத்து இடம். நீங்கள் போகப்போவதோ 40 கிலோமீட்டர் தள்ளி.

ஒரே பயிற்சிக் களத்தில் ஆண்டு முழுக்கப் பறக்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். நிரல் சொல்லும் எண்ணுக்கும் அந்தக் களத்தில் உண்மையில் விழும் ஒளிக்கும் உள்ள இடைவெளியைப் பல இரவுகள் குறித்துவைத்தால் நிரலை நம்பும் அளவு தெரிந்துவிடும். மற்றவர்கள் இந்தப் பணத்தை வேறெதற்காவது செலவிடலாம்.

## வழி 4: காகிள் வழியாக நேரில்

மேகம், தூசு, தரை, நிறமாலை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் சேர்த்துச் சொல்லும் ஒரே வழி இது. நெருங்கிப் பார்த்தால்தான் இதன் அருமையும் ஆபத்தும் புரியும்.

விளக்குகளை விட்டு விலகி நின்று, காகிளைக் குவியப்படுத்தி, தூரத்து மரவரிசையைப் பாருங்கள். நல்ல நிலவில் இலைக்கூட்டங்கள் தனித்தனியாகப் பிரியும். பசுந்தழை அண்மை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பியடிப்பதால், கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் காடு காகிளில் வெளுப்பாகத் தெரியும். அதன் நடுவே தார்ச்சாலை இருண்ட கோடாக ஓடும். வெளிச்சம் குறையக் குறைய முதலில் இலை போகும், அப்புறம் கிளை, கடைசியில் மரவரிசை ஒரு மங்கல் திட்டு. படத்தின் மேல் மணல் தூவியதுபோல மினுமினுப்பு ஏறும். அந்த மினுமினுப்புதான், காகிள் தன் பெருக்கத்தின் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு அடையாளம்.

இங்கே கவனம் வேண்டும். வெளிச்சம் குறையும்போது தானியங்கிக் கட்டுப்பாடு பெருக்கத்தை ஏற்றிக்கொண்டே போய்ப் படத்தின் பிரகாசத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். கண்ணுக்குப் படம் மாறாததுபோலத் தெரியும், ஆனால் கூர்மை சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். நல்ல நிலவில், கண் பரிசோதனை அளவில், 6/9-ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும் பார்வை நட்சத்திர ஒளியில் அதைவிடக் கணிசமாகக் கீழே போகும். மின்கம்பி எந்த ஒளியிலும் தெரியும் என்று எண்ணக்கூடாது.

இன்னும் பெரிய ஆபத்து மெல்லிய ஈரம். வெறுங்கண்ணுக்கு மூடுபனியாகத் தெரிவது காகிளில் தெளிவாகத் தெரியலாம், ஏனென்றால் அது ஊடுருவிப் பார்க்கிறது. விமானி பனிக்குள் நுழைந்துவிட்டதையே உணராமல் உள்ளே போய்க்கொண்டிருப்பார். திடீரென்று எல்லாம் மறையும். விளக்குகளைச் சுற்றியுள்ள ஒளிவளையம் பெரிதாவது, நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது, அடிவானம் கரைவது ஆகியவைதான் முன்னெச்சரிக்கை. காகிளுக்குக் கீழே, வெறுங்கண்ணால், அவ்வப்போது வெளியே பார்க்கும் பழக்கம் உயிர்காப்பது இதனால்தான்.

ஒளியையே சில நேரம் காகிள் மறைத்துவிடும் என்பதும் இங்கே சேர்த்தி. காக்பிட் விளக்குகள் குறுக்கிடாமல் இருக்கப் பல காகிள்களில் 665 நானோமீட்டருக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிப்பான் இருக்கிறது. கோபுரங்களில் இருக்கும் சில சிவப்பு எல்இடி எச்சரிக்கை விளக்குகள் அந்த எல்லைக்குக் கீழே எரிவதால் காகிளில் தெரிவதே இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

தவறும் பக்கம்: மிக மோசமான நேரத்தில், நம்பிக்கையான பக்கம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நிலா அட்டவணை | நிரல் | லக்ஸ் மீட்டர் | காகிள் |
|---|---|---|---|---|
| எப்போது தெரியும் | வருடங்கள் முன்பே | நாட்கள் முன்பே. மேகத்தோடு என்றால் சில மணி முன்பு | அந்த நொடி | அந்த நொடி |
| மேகம், தூசு | இல்லை | ஊகமாக | நிற்கும் இடத்தில் மட்டும் | ஆம் |
| மலை நிழல், தரை | இல்லை | பெரும்பாலும் இல்லை | இல்லை | ஆம் |
| காகிளின் நிறமாலை | இல்லை | இல்லை | இல்லை | ஆம் |
| தவறும் பக்கம் | ஆபத்து | மேகத்தில் ஆபத்து, நட்சத்திர ஒளியில் பாதுகாப்பு | பாதுகாப்பு | மூடுபனியில் ஆபத்து |

## எந்த இடத்தில் எது

மலைப் பள்ளத்தாக்கு. இங்கே நிரலின் எண்ணை நம்பி இறங்குவதைவிட ஒரு பேப்பரும் பென்சிலும் மேல். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 500 மீட்டர் உயரமுள்ள முகடு, நிலா 30 பாகையில் இருக்கும்போது, 866 மீட்டர் நீள நிழல் போடும். நிலா 15 பாகைக்கு இறங்கினால் 1,866 மீட்டர். ஒரு கிலோமீட்டர் அகலப் பள்ளத்தாக்கு என்றால், முகடு நிலாப் பக்கம் இருக்கும்போது முதல் கணக்கிலேயே பெரும்பகுதி இருட்டு, இரண்டாவதில் முழுக்க இருட்டு. நிரல் அப்போதும் ‘அதிக ஒளி’ என்றே சொல்லும். நிழலுக்குள் கம்பியும் மரமும் ஒளிந்திருக்கும், பக்கத்துச் சரிவு பளீரென்று இருப்பதால் காகிள் அதற்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்டிருக்கும். நிலா உயரம், திசை, முகட்டின் உயரம் மூன்றையும் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே முதல் வேலை.

பனி. புதுப்பனி விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பியடிக்கும். சின்னப் பிறையே போதும் என்று தோன்றும். ஆனால் நிழலும் மேடுபள்ளமும் இல்லாத பனிவெளியில் உயரத்தைக் கணிக்க ஒரு பிடி கூடக் கிடைக்காது. இங்கே பௌர்ணமி உச்சி நிலாவைவிட, 30–40 பாகையில் சாய்ந்து நிழல் போடும் நிலாவைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

கடல். வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் அமைதியான நீர் கருப்பாகவே இருக்கும். ஒளி மதிப்பீட்டில் நேரத்தைச் செலவிடுவதைவிட ரேடார் உயரமானியையும் அடிவானம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

அவசர மருத்துவப் பறப்பு. தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத இடம். மாதத் தொடக்கத்திலேயே ஒவ்வோர் இரவுக்கும் ‘எத்தனை மணிக்கு மேல் நிலா 30 பாகை, எத்தனை மணிக்கு அதற்குக் கீழே’ என்று ஒரு தாள் எழுதி ஒட்டிவையுங்கள். அழைப்பு வந்த பிறகு கணக்குப் போட நேரம் இருக்காது. நோயாளியின் நிலைமை தெரிந்த பிறகு போடும் கணக்கு நேர்மையாகவும் இருக்காது.

இருட்டையே விரும்புகிறவர்கள். 2011 மே 2 அதிகாலை, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடனைத் தேடி அமெரிக்கப் படை நடத்திய தாக்குதல் அமாவாசையை ஒட்டிய இரவில் நடந்தது. தரையில் இருப்பவர்கள் பார்க்கக்கூடாது என்றால் அது சரியான தேர்வு. தேடுவிளக்கும், வெப்ப உணரியும், அதற்கேற்ற பயிற்சியும் இல்லாத சாதாரணக் குழுவுக்கு அது பாடம் ஆகாது.

## முரண்பட்டால் யார் பேச்சைக் கேட்பது

இதில் என் நிலைப்பாடு உறுதியானது. போகலாம் என்று சொல்லும் உரிமை அட்டவணைக்கும் நிரலுக்கும். நிறுத்து என்று சொல்லும் உரிமை காகிளுக்கு. இதைத் தலைகீழாக்கக் கூடாது.

நிரல் ‘போதும்’ என்கிறது, காகிளில் மினுமினுப்பு ஏறுகிறது என்றால் காகிள் சொல்வதுதான் சரி, திரும்புங்கள். நிரல் ‘போதாது’ என்கிறது, ஆனால் ஹெலிபேடில் நின்று பார்த்தால் எல்லாம் அருமையாகத் தெரிகிறது என்றால், நிரலே சரி. நீங்கள் பார்ப்பது தளத்துக்குப் பக்கத்து ஊரின் வெளிச்சமாக இருக்கலாம். பத்து நிமிடத்தில் அது பின்னால் போய்விடும். நட்சத்திர ஒளியில் நிரல் குறைத்துச் சொல்கிறது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அதை எடுத்துக்காட்டி வாதிட வருகிறவர்களுக்கு என் பதில்: அந்தக் கூடுதல் ஒளி கையிருப்பாக இருக்கட்டும், கிளம்பும் முன்பே செலவழிக்க வேண்டாம்.

திரும்பும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்பிறை அஷ்டமி வரை நிலா மாலையிலிருந்தே இறங்கிக்கொண்டே போகும், எனவே போகும் வழியைவிடத் திரும்பும் வழி இருட்டு. தேய்பிறையில் காத்திருந்தால் வெளிச்சம் கூடும். வளர்பிறை இரவுகளில், முழங்காலில் கட்டிக்கொள்ளும் குறிப்புப் பலகையில், புறப்படும் நேரத்துக்கு மேலே, பெரிய எழுத்தில், நிலா 30 பாகைக்குக் கீழே போகும் நேரத்தை எழுதுங்கள். இறங்கிய இடத்தில் நோயாளியை ஏற்றத் தாமதமாகி அந்த நேரம் கடந்துவிட்டால், ஆம்புலன்ஸை வரச்சொல்லிச் சாலை வழியாக அனுப்பலாமா என்று அங்கேயே, இறக்கை நின்றிருக்கும்போதே, பேசி முடிவெடுங்கள்.